தலையணைச் சித்தர் உருவிய பேய்

ஊரே தலையணையும் கையுமாக வரிசையில் நின்றது. குறட்டை விடுகிறவர்கள், தூக்கத்தில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுகிறவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், கட்டிக்கொண்டவர்கள், அத்தனை பேரும் அங்கேதான். உள்ளே தலையணைச் சித்தர் வீற்றிருந்தார். குறட்டைக்குக் காரணம் தொண்டையை அமுக்குகிற பேய், அது பகலெல்லாம் தலையணைக்குள் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்த மகான். பகலில் தங்க அதற்கு வேறு இடமா கிடைக்கவில்லை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால் புண்ணியம் போய்விடுமாம்.

வரிசையில் பஸ் டிரைவர் ஒருவரும் நின்றார். நல்ல மனுஷன், நல்ல தொப்பை. படுத்தால் குறட்டை, நடுநடுவே மூச்சு நின்றுபோகும், பகலில் கண் சொக்கும். போன வாரம் வண்டி ஓட்டும்போதே கண் செருகி, பஸ் நிறைய ஜனத்தோடு சாலையோரச் சுவரை உரசிவிட்டார். பிரேக் புண்ணியத்தில் எல்லாரும் பிழைத்தார்கள். டிப்போவில் அவரை டாக்டரிடம் அனுப்பினார்கள்.

"தூங்கும்போது மூச்சு நிக்காம காத்தை உள்ளே தள்ளுற இந்த மாஸ்க்கைப் போட்டுக்கங்க. தினமும் வேகமா நடங்க. மாசக்கணக்குல விடாம நடந்தா நோய் குறையும். நான் சொல்ற வரைக்கும் வண்டி ஓட்டாதீங்க," என்றார் டாக்டர்.

மாசக்கணக்கில் நடப்பதா? கேட்டதுமே டிரைவருக்கு மூச்சு வாங்கியது. சித்தரோ ஒரே நாளில் பேயை உருவிவிடுகிறார். மாஸ்க்கைத் தூக்கிப் போடு, நடக்கவே நடக்காதே, குலுங்கினால் பேய்க்குக் கோபம் வரும் என்கிறார். சோம்பேறிக்கு இதைவிடத் தோதான வைத்தியம் எங்கே கிடைக்கும்?

"நாளைக்கே வண்டி எடுத்துடலாம்," என்றார் வரிசையில் கூட நின்ற மனைவியிடம்.

"முதல்ல அவர் பேயை எடுக்கட்டும். அப்புறம் நீங்க வண்டியை எடுக்கிறதைப் பார்க்கலாம்," என்றாள் அவள்.

முறை வந்தது. மனைவி நீட்டிய தலையணையைச் சித்தர் முகர்ந்து கண்ணை மூடினார். "தண்ணியில விழுந்து செத்தவன். பல வருஷமா உன் புருஷன் தலைக்கடியிலதான் குடியிருக்கான்." பிரம்பால் நாலு சாத்து சாத்தினார். தையலைப் பிரித்துக் கையை விட்டு, கருகருவென்று ஒரு முடிக்கற்றையை உருவி, இதுதான் பேய் என்றார். கூட்டம் கும்பிட்டது. டிரைவருக்குத் தொண்டையே லேசானது போலிருந்தது.

"சாமி, ஒரு சந்தேகம்," என்றாள் மனைவி. "இது காலையில கடையில வாங்கின தலையணை. பழைய உறையை மாட்டிக் கொண்டாந்தேன், இவருக்கே தெரியாது. இதுல யாரும் இன்னும் தலையே வைக்கலையே?" உறையை விலக்கி விலை அட்டையைக் காட்டினாள்.

சித்தர் விலை அட்டையைப் பார்த்தார். ஆனால் கைதேர்ந்த ஆளல்லவா? "பழசுலேருந்து புதுசுக்குத் தாவிடுச்சும்மா."

"தாவட்டும். சட்டைக் கையை முழங்கைக்கு மேல மடிச்சுக்கிட்டு இன்னொரு தடவை எடுங்க."

சாமியைச் சோதிக்கிறாளே என்று கூட்டம் பொங்கியது. பெண்டாட்டியை அடக்கச் சொல்லி டிரைவரைப் பார்த்தது. டிரைவருக்கு அந்தச் சுவர் ஞாபகம் வந்தது. பின்னால் அலறிய பிள்ளைகள் ஞாபகம் வந்தார்கள். நாளைக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போவது சித்தர் இல்லை.

"மடிங்க சாமி," என்றார்.

சித்தர் எழுந்து உள்ளே நழுவப் பார்த்தார். டிரைவர் அவர் கையைப் பிடித்து உதறினார். சட்டைக் கைக்குள்ளிருந்து கற்றை கற்றையாக முடி கொட்டியது. அன்றைக்கு ஓட்ட வேண்டிய பேய்கள் மொத்தமும் அங்கேதான் தயாராக இருந்தன.

"இந்த ஆளை நம்பி அத்தனை பேரைக் கொன்னிருப்பேனே," என்று டிரைவர் அழுதுவிட்டார்.

அன்றே மாஸ்க்கைப் போட்டார். மறுநாளே நடக்க ஆரம்பித்தார். முதலில் கால் வலியைத் தவிர ஒரு பலனும் இல்லை. ஆனாலும் விடவில்லை. பல மாதம் கழித்து டாக்டர் சோதித்துப் பார்த்து, நோய் நன்றாகக் குறைந்திருக்கிறது, நடையையும் மாஸ்க்கையும் விடாமல் வண்டி ஓட்டலாம் என்றார்.

கூட்டம் என்ன ஆனது என்கிறீர்களா? பக்கத்து ஊரில் போர்வைச் சித்தர் ஒருவர் கிளம்பியிருக்கிறாராம். ஆளுக்கொரு போர்வையோடு அங்கே போய்க்கொண்டிருக்கிறார்கள், அதுவும் கால்நடையாக. டாக்டர் சொன்னால் வலிக்கிற கால், ஏமாறப் போகும்போது மட்டும் எப்படி ஐயா வலிக்காமல் நடக்கிறது? போகிற வழியில் அதையாவது யோசியுங்கள்.