விஜயஸ்ரீயை அமெரிக்காவிடமிருந்து காப்பாற்றிய கதை

மனிதகுலத்தின் அந்தரங்கத்தைக் காப்பாற்ற உலகத்தில் எத்தனையோ பேர் பாடுபட்டிருக்கலாம். ஆனால் 1999ஆம் ஆண்டு ஆனி மாதம், திருநெல்வேலி டவுன் வடக்கு ரதவீதி மாடி ஒன்றில் ஐந்து பேர் கூடிப் போட்ட தீர்மானத்துக்கு ஈடாக எவரும் எதுவும் செய்ததில்லை. அந்த ஐவரில் அடியேன் குமரகுருபரனும் ஒருவன். இணைச் செயலாளர். தீர்மானத்தை வழிமொழிந்தவன்.

எங்கள் 'பொருநைத் திருமணத் தகவல் மைய'த்தைத் தெரியாதவர்கள் ஜில்லாவில் இருக்க முடியாது. அப்படி யாராவது இருந்தாலும் அவர்களை எங்களுக்குத் தெரியும். பிள்ளைக்கு வரன் தேடுகிறவர்கள் எங்களிடம் ஒரு படிவம் நிரப்பித் தரவேண்டும். அறுபத்து நான்கு கேள்விகள். பெயர், நட்சத்திரம், நிறம், கண்ணாடி உண்டா, பல் சொந்தமா, குடும்பத்தில் சொல்லாமல் ஓடிப்போனவர் உண்டா, இதுவரை பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர், ஏன் போனார்கள். மேலே பெரிய எழுத்தில் 'ரகசியம்' என்று அச்சிட்டிருப்போம். அந்தத் தாள்களைக் கோப்பில் கட்டி வாசல் பெஞ்சில் வைத்திருப்போம். பெண் தேடுகிறவர்கள், மாப்பிள்ளை தேடுகிறவர்கள், பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கிறவர்கள் எல்லோரும் வந்து படித்துப் பயன்பெறுவார்கள்.

அந்த ஆண்டு சித்திரையில் கம்ப்யூட்டர் வாங்கினோம். ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று தாள்களையும் அதற்குள் ஏற்றினோம். ஏற்றி முடித்த பிறகு காகிதம் எதற்கு? பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்டோம். இதற்கு 'நவீனமயமாக்கல்' என்று பெயர்.

அதன்பின் வந்தது ஆபத்து. கம்ப்யூட்டரைத் திறக்கும்போதெல்லாம் திரையில் ஒரு கட்டம் முளைத்தது. இயங்குதளம் செய்த அமெரிக்கக் கம்பெனி எங்கள் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் கேட்டது. கம்ப்யூட்டருக்குள் என்னென்ன சாமான் இருக்கிறது என்று பட்டியலெடுத்து போன் வழியாக அனுப்பிக்கொள்ளட்டுமா என்றும் கேட்டது.

தலைவர் காந்திமதிநாதன் அண்ணாச்சி முப்பது வருஷம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஊரார் சொத்து விவரமெல்லாம் பதிந்து ஓய்வு பெற்றவர். கட்டத்தைப் படித்தவர் முகம் சிவந்துவிட்டது. கம்ப்யூட்டர் விற்ற வண்ணாரப்பேட்டை தாஜ் முகம்மதுவுக்கு ஆள் அனுப்பினார். அவசரக் கமிட்டியும் கூடியது.

"என் பேரு அவனுக்கு என்னத்துக்கு வே?"

"விருப்பம் இருந்தா குடுக்கலாம் அண்ணாச்சி. இல்லேன்னா வேண்டாம்னு அமுக்கிரலாம்" என்றார் தாஜ் முகம்மது.

"நேத்தும் வேண்டாம்னு அமுக்கினேன். இன்னைக்கும் கேக்கான். ஒரு தடவை வேண்டாம்னா போயிரணும்லா. அந்நியன், நம்ம வீட்டுக்குள்ள என்ன இருக்குன்னு விசாரிக்கான். இவன் என்ன மாப்பிள்ளை வீட்டு ஆளா?"

கமிட்டி தலையசைத்தது. அந்த உரிமை மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டுமே உண்டு என்பது குறிப்பேட்டில் பதியப்பட்டது.

"அப்பம் இன்னொண்ணு இருக்கு" என்று தாஜ் முகம்மது பையிலிருந்து ஒரு சி.டி. தட்டை எடுத்தார். பத்திரிகையோடு இலவசமாக வந்ததாம். மேலே ஒரு பென்குவின் படம். "இதுவும் இயங்குதளம்தான், அந்தக் கம்பெனிதுக்குப் பதிலாப் போட்டுக்கிடலாம். பேரு ஊரு ஒண்ணும் கேக்காது. உள்ள என்ன நடக்குன்னு யாரு வேணும்னாலும் பிரிச்சுப் பாத்துக்கிடலாம்."

"பிரிச்சுப் பாத்தா ரகசியம் போயிரும்லா?"

"அதைத்தான் பிரிச்சுப் பாக்கலாம் அண்ணாச்சி. உங்களைப் பாக்க முடியாது."

இந்தக் கட்டத்தில் மாடிப்படி ஏறி ஒரு பெண் வந்தார். விஜயஸ்ரீ. வயது இருபத்தெட்டு, பூரட்டாதி, மாநிறம், தொலைபேசி நிலையத்தில் டிரங்க் கால் இணைப்புக் கொடுக்கும் வேலை. நான் அவரை அதற்குமுன் பார்த்ததில்லை. கையில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு தாள் வைத்திருந்தார். எங்கள் படிவம்தான்.

"எங்க ஆபீசுக்குக் கடலை மடிச்சு வந்திருக்கு அண்ணாச்சி. பத்து வயசுல எனக்கு ரெண்டு தடவை வலிப்பு வந்துச்சு. அதுக்கப்புறம் வரல. மறைக்கக் கூடாதுன்னு அப்பா இதுல எழுதிக் குடுத்திருக்காரு. இப்பம் என் மேசைக்குப் பக்கத்துல ஒருத்தி, வந்தா கையில குடுக்கணும்னு, சாவிக்கொத்தும் கையுமா உக்காந்திருக்கா."

"நல்ல மனசு" என்றார் தலைவர்.

"ஊரு பேசுதது பூரா என் காதுல விழுது. ஒரு நாளாவது வெளிய சொல்லிருக்கேனா? என் விவரத்தை எடுத்திருங்க. எனக்கு வரனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"யம்மா, நீங்க பயப்படவே வேண்டாம். உங்க விவரத்தை அமெரிக்காக்காரன் தொடக்கூட முடியாதபடி இப்பத்தான் ஏற்பாடு பண்ணுதோம்."

"அமெரிக்காக்காரனுக்குத் தெரிஞ்சா எனக்கென்ன அண்ணாச்சி? அவன் எங்க தெருவுலயா இருக்கான்?"

கமிட்டி இந்த அறியாமையைப் பெருந்தன்மையுடன் மன்னித்தது. பென்குவினை ஏற்பது என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

தட்டைச் செருகுவதற்கு முன் தாஜ் முகம்மது, "இதைப் போட்டா இப்பம் உள்ளது எல்லாத்தையும் துடைச்சிரும். நகல் எடுத்து வச்சிருக்கீங்களா?" என்றார்.

"ரகசியத்துக்கு யாராவது நகல் எடுப்பாங்களா வே? அந்தக் கம்பெனிக்காரன் சாமான் ஒண்ணு விடாமத் துடைச்சு எறியும்."

"எல்லாம்னா, எல்லாம் அண்ணாச்சி."

"எல்லாம்தான்."

தாஜ் முகம்மது இன்னொரு முறையும் சொல்லிப் பார்த்தார். பிறகு என்னிடம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு துடைத்தார்.

ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று பேரும் போனார்கள். அன்று சிரித்தவர் விஜயஸ்ரீ ஒருவர்தான். "ரொம்ப நன்றி அண்ணே" என்று தாஜ் முகம்மதுவைக் கும்பிட்டுவிட்டு, கடலைத் தாளைக் கிழித்துப் போட்டுக்கொண்டே படியிறங்கினார். எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

ஆனால் ஊர் எங்களைக் கைவிடவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கே ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் அத்தனை பேரும் படித்ததை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். உலகம்மாள் என்ற ஒரு அம்மாள் கல்லிடைக்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி வந்து, நாற்பது குடும்பங்களை மூச்சு விடாமல் ஒப்பித்தார். பத்தே நாளில் ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று பேரும் திரும்பி வந்தார்கள். எங்களிடம் விண்ணப்பிக்காத பதினேழு பேரின் விவரமும் சேர்ந்து கிடைத்தது. எந்தக் கம்பெனியாலும் செய்ய முடியாத சாதனை இது.

செய்தி கேட்டு விஜயஸ்ரீ மறுபடி வந்தார். தாஜ் முகம்மது அவருடைய விவரத்தைத் திரையில் கொண்டுவந்து காட்டினார். விஜயஸ்ரீ நின்றபடியே படித்தார்.

"ரெண்டு தடவைன்னுதான அப்பா எழுதினாரு? இதுல நாலுன்னு இருக்கு."

"நாங்களாச் சேர்க்கலம்மா. ஊர்ல அப்படித்தான் சொல்லுதாங்க" என்றார் தலைவர்.

"'வாய் அதிகம்'னு போட்டிருக்கே. இதை யாரு சொன்னா?"

நான்தான் என்று அடக்கத்துடன் தெரிவித்துக்கொண்டேன்.

 விஜயஸ்ரீ தாஜ் முகம்மது பக்கம் திரும்பினார்.

"அண்ணே, அந்தக் கம்பெனிக்காரன் கேக்கும்போது நாம வேண்டாம்னு அமுக்கினா என்ன செய்வான்?"

"மறுநாளும் கேப்பாம்மா. அவ்வளவுதான்."

"பழைய ஆளையே திரும்பப் போட்டிருங்க. அவன் கேக்கவாவது செய்யுதான்."

சொல்லிவிட்டுப் பையப் படியிறங்கிப் போனார். அவர் தெரு திரும்புவதற்குள், அந்த வாக்கியத்தையும் அவருடைய தாளில் 'பிற குறிப்புகள்' என்ற இடத்தில் ஏற்றிவிட்டேன்.