ஆரம்பாக்கத்து மைனர்

ஆரம்பாக்கம் பார்த்திபன் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலை ஒன்றில் சூப்பர்வைசர். அங்கே மெஷின் சத்தத்தில் அவன் பேசுவது யாருக்கும் கேட்காது. வீட்டில் மெஷின் இல்லை. மனைவி ஜோதிலட்சுமி இருக்கிறாள். ஆக, அவன் வாய் திறந்து பேசக் கிடைத்த ஒரே இடம், செல்போனில் ஆன்லைனில் ஆடும் துப்பாக்கி விளையாட்டு. கல்யாணமான நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த பேச்சை எல்லாம் அங்கே கொட்டினான். அவன் திட்டிய திட்டில் அவனோடு ஆடியவர்கள் புகார் கொடுக்க, விளையாட்டுக் கம்பெனி அவன் கணக்கை நிரந்தரமாக முடக்கிவிட்டது.

தங்க முலாம் பூசிய துப்பாக்கி, சிறகு வைத்த சட்டை என்று அவன் காசு கொடுத்து வாங்கிய சொத்தெல்லாம் உள்ளேயே மாட்டிக்கொண்டது. அந்தக் காசு, எரிந்துபோன வயல் மோட்டாருக்குப் புதுக் காயில் கட்ட ஜோதிலட்சுமி கொடுத்தது. மோட்டார் இன்னும் மெக்கானிக் சாலமோன் கடையில் கிடந்தது. நாற்று வெயிலில் கிடந்தது.

காசைத் திருப்பிக் கேட்டான். விதியை மீறியவருக்குக் கிடையாது என்று பதில் வந்தது. ஆனால் சின்னப் பிள்ளைகள் வீட்டுக்குத் தெரியாமல் செலவழித்திருந்தால் தருவார்களாம். பார்த்திபனின் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யும் நாட்களில்தான் அவனுக்குக் கஷ்டம் வருவது வழக்கம்.

வேறு வழியில்லாமல் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

“சாலமோன் போன வாரமே சொல்லிட்டாரு. நீங்களா எப்ப வாயத் தொறப்பீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்.”

“கோவமா?”

“சேச்சே. பயிரு காஞ்சா இன்னா, உங்க துப்பாக்கி தங்கமாச்சே.”

“நீ போன் போட்டு, பையன் தெரியாம ஆடிட்டான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்.”

“நமக்கு ஏதுங்க பையன்?”

“அவுங்க இன்னா ஊட்டுக்கு வந்தா பாக்கப் போறாங்க?”

ஜோதிலட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு போன் போட்டாள். ஸ்பீக்கரில் கம்பெனிப் பெண் கனிவாகக் கேட்டாள்: “பையனுக்கு என்ன வயசு மேடம்?”

ஜோதிலட்சுமி புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். “ஆளு வளந்துட்டான்மா. புத்திக்கு இன்னும் பத்து வயசுதான்.”

“பத்து. ஆனா ரெக்கார்டுல திட்டுன குரல் தடிமனா இருக்கே?”

“அவங்கப்பன் சகவாசம்மா.”

“பையன்கிட்ட கொஞ்சம் குடுங்க.”

இது திட்டத்தில் இல்லை. பார்த்திபன் மீசையை ஒரு கையால் மூடிக்கொண்டு தொண்டையைச் சுருக்கினான். “ஹலோ ஆன்ட்டி.”

“இனிமே யாரையும் திட்டுவியா தம்பி?”

“மாட்டேன்.”

“வீட்ல சொல்றதக் கேப்பியா?”

ஜோதிலட்சுமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள்.

“கேப்பேன் ஆன்ட்டி.”

ஒரு காலத்தில் காலரைத் தூக்கிவிட்டு மைனராகத் திரிய ஆசைப்பட்டவன், கம்பெனிக் கணக்கில் மைனராகவே பதிவாகிவிட்டான்.

காசு வந்தது, கார்டியன் என்ற முறையில் ஜோதிலட்சுமியின் பேங்க் கணக்குக்கு. அவள் நேராகச் சாலமோனுக்கு அனுப்பினாள். மோட்டார் ஷேர் ஆட்டோவில் வந்து வாசலில் இறங்கியது.

பார்த்திபனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு பெரிய கம்பெனியையே ஏமாற்றிய மூளை அல்லவா. அந்த மூளை சொன்னபடி சத்தமில்லாமல் தோட்டத்துப் பக்கம் போனான். அதே விளையாட்டில் புதுக் கணக்குத் தொடங்கி, பழைய கணக்கில் இருந்த தன் போன் நம்பரையே தட்டினான். ‘சற்றுக் காத்திருக்கவும்’ என்றது போன்.

அடுப்படியில் ஜோதிலட்சுமியின் போன் ஒலித்தது. கரண்டியோடு வெளியே வந்து எட்டிப் பார்த்தாள்.

“கண்ணு, உன்ன வெளையாட உடலாமான்னு என்கிட்ட கேக்கறாங்க. நீ மொதல்ல போய் மோட்டார மாட்டிட்டு வா, அப்பறம் யோசிச்சு சொல்றேன்.”