காசிராஜன் சேர்த்துவிட்ட ஆன்லைன் கிளாஸ்

உசுரு இருக்கிறவரைக்கும் ஸ்டியரிங்கை இன்னொரு கையில் கொடுப்பதில்லை என்று காசிராஜன் சபதமே எடுத்திருந்தார். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி யூனிட் நடத்துகிற மனுஷருக்கு, வீட்டில் மிச்சமிருந்த ஒரே அதிகாரம் அந்தக் கார் சாவிதான். அதுவும் போய்விட்டால் மனைவி மாரீஸ்வரி நினைத்த நேரமெல்லாம் வத்திராயிருப்பில் இருக்கிற அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். பொறவு, 'டைம் இல்லை' என்று யாரிடம் சொல்வது?

அதனால்தான் மகள் சிவரஞ்சனி, "அப்பா, ஸ்ரீவில்லிபுத்தூர் டிரைவிங் ஸ்கூல்ல சேரட்டா?" என்றதும் அவருக்குப் பகீரென்றது.

"ஸ்கூலா? இப்ப எல்லாம் ஆன்லைன்தான். ஆறு மாசக் கோர்ஸ். கட்டில்ல உக்காந்தே படிக்கலாம்."

"கட்டில்ல உக்காந்தா கார் எப்படிங்க நகரும்?" என்றாள் மாரீஸ்வரி.

"மொதல்ல மூளை நகரணும்ட்டி!"

அப்போதே போனில் சேர்க்க உட்கார்ந்தார். 'பெற்றோரின் லைசன்ஸ் எண்' என்று ஒரு கட்டம் வந்து நின்றது. கண்ணாடியைக் காணோம். லைசன்ஸை மாரீஸ்வரியிடம் நீட்டினார்.

"ஏங்க, இதுல தேதி..."

"லைசன்ஸப் பத்தி ஒனக்கென்ன தெரியும்? நம்பர மட்டும் வாசி."

வாசித்தாள். "சரிங்க, ஆன்லைன்லயே படிக்கட்டும்" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இம்புட்டுச் சீக்கிரம் சரி என்றதே இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக்கு மகளின் அறைக்கதவு சாத்திக்கொள்ளும். "கிளட்சை மெதுவாக விடவும்" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்கும். பிள்ளை நல்லாப் படிக்கணும் என்று வேண்டிக்கொண்டு மாரீஸ்வரி தினமும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளைப் பார்க்க பஸ் ஏறினாள். வரும்போது பால்கோவா வேறு. பிளாஸ்க் காபியைக் குடித்தபடி கதவோரம் நின்று கேட்டு, பூரித்துப்போய் யூனிட்டுக்குக் கிளம்புவார் காசிராஜன்.

மூணு மாசம் ஓடியது. ஒருநாள் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் துணி சாம்பிள் கொண்டுபோகும்போது ஏட்டு ஒருவர் காரை நிறுத்தினார். மீசையைத் தடவிக்கொண்டே லைசன்ஸை நீட்டினார் இவர்.

"சார், இது முடிஞ்சு ரெண்டு வருஷமாச்சே!"

காசிராஜனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாங்கிப் பார்த்தார். ஆமாம், ரெண்டு வருஷம்! லைசன்ஸ் உள்ள ஆள் வந்தால்தான் வண்டி நகரும் என்றுவிட்டார் ஏட்டு. வீட்டுக்குப் போன் போட்டார்.

"யாராவது டிரைவர அனுப்புட்டி!"

"செத்த நேரம் நில்லுங்க, வாரோம்."

பஸ்ஸிலிருந்து இறங்கியது மாரீஸ்வரியும் சிவரஞ்சனியும்.

"டிரைவர் எங்க?"

சிவரஞ்சனி ஒரு லைசன்ஸை எடுத்து நீட்டினாள். மாரீஸ்வரி தன் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். ரெண்டும் புத்தம் புதுசு. காசிராஜன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"அடிப்பாவிகளா! அப்ப ரூமுக்குள்ள படிச்சது யாரு?"

"லேப்டாப்தாம்ப்பா தனியாப் பேசிக்கிட்டு இருந்துச்சு. நான் பின்வாசல் வழியா அம்மாகூட டிரைவிங் ஸ்கூலுக்குப் போயிருவேன்."

"ஆண்டாள்?"

"கிளாஸ் முடிஞ்சு தெனமும் கும்பிட்டுட்டுத்தான் வந்தோம். சாமி விஷயத்துல பொய் சொல்லுவோமா?" என்றாள் மாரீஸ்வரி.

"லைசன்ஸ் முடிஞ்சது தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லலையேட்டி!"

"சொல்லத்தான் வந்தேன். நம்பர மட்டும் வாசிக்கச் சொன்னிய."

ஏட்டு சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி நின்றார். சாவி மாரீஸ்வரி கைக்குப் போனது. காசிராஜன் பின்சீட்டுக்குப் போனார், சாம்பிள் மூட்டையோடு. சாம்பிளைக் கடையில் இறக்கியதும் கார் வத்திராயிருப்பு ரோட்டில் திரும்பியது.

"ஏட்டி, இங்க எங்க?"

"அம்மா வீட்டுக்கு. இனிமே உங்களுக்கு நெறைய டைம் இருக்குல்லா."

"நானும் மறுபடி டெஸ்ட் கொடுத்து லைசன்ஸ் வாங்கத்தான் போறேன், பாத்துக்கிட்டே இரு!"

"வாங்குங்க. அந்த ஆன்லைன் கோர்ஸ் இன்னும் மூணு மாசம் ஓடும். நாளைக்கு ஆறு மணிக்குக் கட்டில்ல உக்காந்திருங்க, கதவ நான் சாத்திட்டுப் போறேன்."