நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து விறகு

பெருமதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் அவர்களுக்கு,

ஸ்கோக்லி கிராமத்திலிருந்து, முப்பத்தொரு ஆண்டு பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற தோர்லைவ் பிரெக்க எழுதுவது. தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நான் நலமாக இல்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான்.

சென்ற வசந்தத்தில் காலமான நம் அரசியாரின் கணவர், இளவரசர் ஹால்வரைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட புகைப்படப் புத்தகத்தைப் பக்கத்து வீட்டு ஆஸ்பியோர்ன் கொண்டுவந்து காட்டினான். முதல் பாதி ‘பொது வாழ்க்கை’. பாலம் திறக்கிறார், அரசியாருக்கு இரண்டடி பின்னால் குடையோடு நிற்கிறார், எனக்கு ஆட்சேபணை இல்லை. அடுத்த பாதி ‘தனி வாழ்க்கை’. அதில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், ‘விடுமுறையில், தன் கையால் ஒரே நாளில் அடுக்கிய விறகுடன் இளவரசர்’ என்று போட்டிருக்கிறீர்கள். ஐயா, அது என் விறகு, பின்னால் தெரிவது என் தொழுவம். மரப்பட்டை வானம் பார்க்க, வெள்ளைப் பூர்ச்ச மரக் கட்டைகளுக்கு நடுவே கறுத்த பைன் கட்டைகளை வட்டமாக வைத்து இந்த ஊரில் வேறு யார் அடுக்குவார்? அதன் அழகு கெடக்கூடாதென்று பன்னிரண்டு குளிர்காலமாக அதிலிருந்து ஒரு கட்டைகூட எரிக்காமல், வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்துக் காட்டிவருகிறேன். அதை அடுக்கிய இலையுதிர்காலத்தில், கடைசி இரண்டு வரிசை பாக்கியிருக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டு மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். என் மனைவி குன்வோர் முடித்துவைத்தாள். திரும்பி வந்து பார்த்தபோது நான் விட்டுப்போனதைவிட நேராகத் தெரிந்தது, நோய் தெளிந்த கண்ணுக்கு எல்லாம் அழகுதான் என்று நினைத்துக்கொண்டேன். மலைமேல் இருக்கும் தன் விடுமுறைக் குடிலுக்குப் போகும் வழியில் இளவரசர் என் வேலிக்குள் நுழைந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போஸ் கொடுத்திருக்கிறார். அதைத் திருட்டுத்தனமாகப் படம் எடுத்தவன் எவன்? அதுவும் ஒரே நாளிலாம். விறகு தெரிந்தவன் சிரிப்பான், அது இரண்டு நாள் வேலை.

"என்னப்பா தோர்லைவ், இளவரசரைப் பாத்துக் காப்பியடிச்சிட்டியா?" என்கிறான் ஆஸ்பியோர்ன். கூட்டுறவுக் கடையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டான். இந்த ஊரில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு பெயர்தான் ஐயா. காலமானவரைக் குறை சொல்லக்கூடாதுதான், ஆனாலும் வயிறு எரிகிறது. அடுத்த பதிப்பில் ‘தோர்லைவ் பிரெக்க அடுக்கிய விறகின் முன் இளவரசர்’ என்று திருத்தியே ஆகவேண்டும்.

தங்களுக்கும் அலுவலகத்தாருக்கும் இந்தக் குளிர்காலம் இதமாக அமையட்டும்.

இப்படிக்கு,
தோர்லைவ் பிரெக்க

பின்குறிப்பு: உறை ஒட்டுமுன் குன்வோர் இதைப் படித்துவிட்டாள்.

"நீங்க ஆஸ்பத்திரி போன மறுநாளே மொத்தமும் சரிஞ்சு விழுந்துருச்சுங்க. நான் அழுதுகிட்டு நிக்கிறதைப் பாத்துட்டு, அந்த வழியாப் போன இளவரசர் உள்ள வந்தார். நீங்க போட்ட வட்டம் எப்படி இருந்துச்சுன்னு என்கிட்ட கேட்டுக் கேட்டு அப்படியே அடுக்கினார். ‘வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்கம்மா, மனுஷன் எந்திரிச்சு வரட்டும்’னார். படம் எடுத்தது நான்தான். அவர் தவறின பிறகு அரசியாருக்கு அனுப்பிவச்சேன்."

ஆகவே திருட்டுத்தனம் என்றதை நீக்கிவிடுங்கள். என் பெயரும் வேண்டாம். ஆனால் ‘ஒரே நாளில்’ என்பதைக் கட்டாயம் திருத்தவேண்டும். இரண்டு நாள், அதுவும் மழையில் என்கிறாள் குன்வோர். அவர் செய்ததைக் குறைத்துப் போடாதீர்கள்.