பதினொரு செக்கன்

என்ரை வாயாலை நான் கெட்டது இது முதல் தரமில்லை. ஆனால் சட்டையிலை மைக் குத்தியிருக்கேக்கை கெட்டது இதுதான் முதல் தரம்.

போன வருசம் என்ரை மாமிக்கு, மனிசியின்ரை தாய்க்கு, எண்பதாவது பிறந்தநாள். சுன்னாகத்திலை எங்கடை வீட்டு முத்தத்திலை பந்தல், கேக், வீடியோ எண்டு ஒரே அமளி. மாமியின்ரை மோன் அருட்செல்வன் கனடாவிலை இருந்து எல்லாம் ஒழுங்குபடுத்தினவன். மருமோன் வாழ்த்திப் பேச வேணும் எண்டு வீடியோக்காரப் பிரவீணன் என்ரை சட்டையிலை சின்ன மைக் ஒண்டைக் குத்திவிட்டான். நானும் மாமியைத் தெய்வம், தீபம், தாய்க்கும் மேலை எண்டு நாலு நிமிசம் விளாசினன். சனம் கை தட்டிச்சுது. இறங்கி வந்து பக்கத்து வீட்டுக் கனகரத்தினம் அண்ணைக்குக் கிட்ட இருந்தன். மைக்கைக் கழட்ட நானும் மறந்துபோனன், அவனும் மறந்துபோனான்.

"நல்லாப் பேசினாய்," எண்டார் அண்ணை.

"சும்மா போங்கோ அண்ணை. கிழவி கண்ணை மூடினால்தான் இந்த வீட்டிலை என்ரை சொல் எடுபடும்."

எல்லாம் சேர்த்துப் பதினொரு செக்கன். வீடியோவிலை அட்சரம் பிசகாமல் கேக்குது.

வீடியோ வந்த அண்டைக்கு நான்தான் கொம்பியூட்டரிலை முதல் போட்டுப் பாத்தன். வேர்த்துப்போச்சு. அழிக்க மனம் வரேல்லை. மாமி அதிலை வாய் நிறையச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறா. அதாலை கோப்பின்ரை பேருக்குக் கடைசியிலை இருக்கிற எம்.பி.4 எண்டதை வெட்டிப்போட்டு கைக்கு வந்த ரண்டு எழுத்தைப் போட்டுவிட்டன். இனி ஆர் அமத்தினாலும் 'திறக்க முடியாது' எண்டுதான் கொம்பியூட்டர் சொல்லும்.

"என்னப்பா, இது திறக்குதில்லை?" எண்டாள் என்ரை மனிசி உதயகலா.

"கோடெக் பிரச்சினை."

"அது என்ன?"

"சொன்னால் உமக்கு விளங்காது."

எனக்கும் விளங்காது.

மூண்டு மாசத்திலை மாமி போயிட்டா. நித்திரையிலையே போனவ. செத்தவீட்டிலை நான் அழுத அழுகையைப் பாத்துச் சனம் மெச்சிச்சுது. அது நடிப்பில்லை. சொன்ன சொல்லுப் பலிச்சுப்போச்சே எண்ட பயம் அரைவாசி. மற்ற அரைவாசி, மாமியிலை எனக்கு இருந்த பட்சம். அவ உயிரோடை இருக்கேக்கை அப்பிடி ஒண்டு இருக்கெண்டு எனக்கே தெரியாது.

இப்ப வருசம் ஒண்டாகி ஆட்டைத் திவசம் வந்திட்டுது.

"இஞ்சருங்கோ, உங்கடை கோடெக்குக்கு இப்ப சுகமோ?"

"ஏன்?"

"திவசத்தண்டைக்கு அம்மான்ரை பிறந்தநாள் வீடியோவைப் போட்டுக் காட்டவேணும். அம்மா கதைக்கிறது வேறை ஒண்டிலையும் இல்லை. நாலு நாள் கிடக்கு. திருத்தித் தாங்கோ."

"பாப்பம்."

"பாப்பமில்லை. திருத்திறியள்."

அந்த இடத்திலைதான் நான் பெரிய முடிவொண்டு எடுத்தன். அந்தப் பதினொரு செக்கனை மட்டும் வெட்டி எறியிறது. மிச்சத்தைக் கொண்டுபோய், 'இந்தா, கஷ்டப்பட்டுத் திருத்தினனான்' எண்டு குடுக்கிறது. பழி போகும், பேரும் வரும். கோப்பின்ரை பேரை முந்தி மாதிரி மாத்தினன். வீடியோ வெட்டிற மென்பொருள் ஒண்டை இறக்கினன். வெட்டினன். சேவ் எண்டதை அமத்தினன். அறுவான், பழசுக்கு மேலையே சேவ் பண்ணிப்போட்டுது.

போட்டுப் பாத்தால் படம் வருது, சத்தம் இல்லை. திருப்பி ஏதோ அமத்தினன். சத்தம் வருது, படம் இல்லை. மூண்டாந்தரம் ரண்டும் வந்துது, ஆனால் சேர்ந்து வரேல்லை. சனம் முதல் கை தட்டுது, மாமி பிறகு மெழுகுதிரி ஊதுறா. கடைசியிலை மாமியின்ரை முகம் பச்சைக் கட்டங்கட்டமாப் பிரிஞ்சு அப்பிடியே நிண்டுபோச்சு. அதுக்குப் பிறகு எத்தினை தரம் அமத்தினாலும் 'திறக்க முடியாது.' இவ்வளவு நாளும் எனக்காகப் பொய் சொன்ன கொம்பியூட்டர் இப்ப உண்மை சொல்லுது.

நாலு நாளும் அந்த அறைதான். இணையத்திலை சொன்னதெல்லாம் செய்தன். வேறை பிளேயர் போட்டன். கோடெக் எண்டு கண்டதையெல்லாம் இறக்கினன். அதிலை ஒண்டு கோடெக் இல்லை, குதிரைப் பந்தய விளம்பரம். பழுதான வீடியோவைத் திருத்திறது எண்டு ஒரு மென்பொருள் ரண்டு மணித்தியாலம் ஓடி, 'வெற்றி' எண்டு சொல்லி, வெறுங் கறுப்புப் படம் தந்துது.

"எந்த மட்டிலை?" எண்டு கதவுக்கு அங்காலை இருந்து மனிசி கேட்டாள்.

"அரைவாசி முடிஞ்சுது."

"நேற்றும் அரைவாசி எண்டனியள்?"

"இது மற்ற அரைவாசி."

"அப்ப முழுசா முடிஞ்சுதோ?"

"இல்லை."

பிரவீணனுக்குப் போன் அடிச்சன். "அண்ணை, நாங்கள் ஆறு மாசத்துக்கு மேலை ஒண்டும் வைச்சிருக்கிறேல்லை," எண்டான். போனை வைச்சன். பதினொரு செக்கனை மறைக்கப்போய், என்ரை மனிசியின்ரை தாயை முழுசா அழிச்சுப்போட்டன். அவள் அம்மாவின்ரை குரலைக் கேக்க வேணும் எண்டுதானே கேட்டவள். என்னிலை எனக்கே வெறுப்பாப் போச்சு.

திவசத்துக்கு முதல்நாள் பின்னேரம் குசினிக்குப் போனன். உதயகலா வடைக்கு உளுந்து கழுவிக்கொண்டு நிண்டாள். எல்லாத்தையும் சொன்னன். மைக், கனகரத்தினம் அண்ணை, கிழவி எண்ட சொல்லு, பேரை மாத்தினது, வெட்டினது, போனது. ஒண்டும் விடேல்லை. சொல்லி முடிய எனக்குக் கண்ணீர் வந்திட்டுது.

அவள் ஆறுதலாக் கையைத் துடைச்சாள். தன்ரை போனை எடுத்தாள். அமத்தினாள். மாமி சிரிச்சா. மெழுகுதிரி ஊதினா. சனம் நேரத்துக்குக் கை தட்டிச்சுது. பிறகு என்ரை குரல்.

"ஐயோ, இது எப்பிடி உம்மட்டை?"

"எங்கடை ஊரிலை எந்த வீடியோ கனடாக்குப் போகாமல் இஞ்சை வந்தது? தம்பிக்குத்தான் முதல் அனுப்பினவங்கள். அவன் அண்டைக்கே எனக்கு அனுப்பிப்போட்டான்."

"அப்ப இவ்வளவு காலமும் உமக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"பிறகேன் நாலு நாளா என்னைப் போட்டு உருட்டினனீர்?"

"நீங்களா வந்து சொல்லுவியளோ எண்டு பாத்தனான். ஒண்டேகால் வருசம் எடுத்தது."

அரிசி வாளிக்கு மேலை இருந்தன். ஒரு கேள்வி கேக்க வேணும், கேக்கவும் பயமாக் கிடந்துது.

"மாமி..."

"அம்மாவும் பாத்தவ. அந்த இடத்தை மூண்டு தரம் போடச் சொன்னவ."

பாத்திருக்கிறா. பாத்த பிறகும் மூண்டு மாசம், விடிய எழும்பி எனக்குத் தேத்தண்ணி வைச்சுத் தந்திருக்கிறா. "மருமோன் சாப்பிட்டாச்சோ?" எண்டு கேட்டிருக்கிறா. நான் ரிவியிலை இருந்து தலையைத் திருப்பாமல் ஓம் எண்டிருக்கிறன்.

"என்ன சொன்னவ?" எண்டன்.

"சிரிச்சவ. 'உவருக்கு ஒண்டும் சொல்லிப்போடாதை பிள்ளை, பாவம். நான் கண்ணை மூடினாலும் உவற்றை சொல் இந்த வீட்டிலை எடுபடாது. அந்த ஆசையோடையாவது இருக்கட்டும்' எண்டவ."

நான் மறுத்துக் கதைக்க வாயைத் திறந்தன்.

"கதைச்சது காணும்," எண்டாள் உதயகலா. "போய் முத்தத்திலை கதிரையளை அடுக்குங்கோ."

அடுக்கினன்.