நான் சாகடித்த ஐந்து பேரும் நலம்

ஒரே மத்தியானத்தில் ஐந்து பேரைத் தீர்த்துக் கட்டியவள் நான். கையில் கத்தி கிடையாது, மவுஸ் மட்டும்தான். ஐவரும் எங்கள் ஊரான பாகூர் பக்கத்து ஆட்கள், நல்ல மனிதர்கள், எனக்கும் அவர்களுக்கும் எந்த முன்விரோதமும் இல்லை. இதைச் சொல்ல நான் வெட்கப்பட வேண்டும்தான். ஆனால் எங்கள் அலுவலகத்தில் இன்றுவரை அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை என்பதையும் சொல்லத்தானே வேண்டும்?

படிப்பு முடிந்ததும் வில்லியனூரில் ஒரு தொலைபேசிக் கம்பெனியில் வேலை கிடைத்தது. (பெயர் வேண்டாம், பிழைத்துப் போகட்டும்.) எந்த வீட்டு இணைப்பு எந்தக் கம்பத்துப் பெட்டியிலிருந்து போகிறது, யார் பெயரில் இருக்கிறது, வேலை செய்கிறதா என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கும். லைன்மேன் வெளியிலிருந்து போனில் சொல்லச் சொல்ல நான் அதைத் திருத்த வேண்டும். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தால் வேலை நிரந்தரம்.

அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் குடும்பத்தில் கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் நான். டீக்கடை, சலூன், ரேஷன் கடை என்று ஓரிடம் பாக்கியில்லாமல் அப்பா சொல்லி வைத்துவிட்டார். "எம் பொண்ணு கையெழுத்து போடாம இந்தப் பக்கம் ஒரு போனு அடிக்காது!" (நான் கையெழுத்தே போடுவதில்லை என்றேன். காதில் வாங்கவில்லை.) இந்த வேலை போனால் எனக்கு இன்னொன்று கிடைக்கும். அப்பா எந்த முகத்தோடு தெருவில் நடப்பார் என்பதுதான் என் பயம்.

இரண்டாவது வாரம் அடைமழை. லைன்மேன் ஏகாம்பரம் அண்ணன் கூப்பிட்டார்.

"எழுதிக்கம்மா. கலியபெருமாளு செத்துட்டாரு."

நான் பதறிவிட்டேன். "ஐயோ, எப்படிண்ணா?"

"மழதான், வேற இன்னா. உள்ள தண்ணி பூந்துடுச்சி. முந்தாநேத்தே செத்துட்டாராம். அவரு பொண்டாட்டி இப்பதான் சிரிச்சிக்கினே வந்து சொல்லுது."

அதிர்ச்சியில் சிலர் சிரிப்பார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். பாவம் அந்த அம்மா.

"வேணுகோபாலு செத்துட்டாரு. அந்தோணிசாமி செத்துட்டாரு. பக்கத்து வூட்டு தனலட்சுமியும் போயிடுச்சி. ராசாமணிக்கு மட்டும் உயிரு இருக்குது, ஆனா கொரகொரன்னு இழுக்குது. சாயங்காலத்துக்குள்ள அதுவும் போயிடும்."

"எப்பண்ணா எடுக்கறாங்க?"

"காலையில நானே எடுத்துடறேன். தோண்டறதுக்கு ஆளு சொல்லிட்டேன்."

ஊரில் இத்தனை சாவு, இந்த மனிதர் தனியாக நின்று எல்லாவற்றையும் பார்க்கிறாரே என்று நெகிழ்ந்துபோனேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'நிலை' என்றிருந்த ஒரே இடத்தில் நால்வருக்கும் 'காலமானார்' என்று போட்டேன். ராசாமணி இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார். வேலையை நிலுவையில் வைக்கக் கூடாது என்று அவரையும் சேர்த்தே போட்டுவிட்டேன்.

அப்படிப் போட்டவுடன் கம்ப்யூட்டர் தானாகவே ஒரு குறுஞ்செய்தி அனுப்பும் என்று எனக்குத் தெரியாது. 'தங்கள் குடும்பத்தாரின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல். வாரிசுதாரர் இறப்புச் சான்றிதழுடன் அலுவலகத்தை அணுகவும்.' அது செத்தவரின் செல்போனுக்கே போகும்.

நான் அத்தோடு நின்றிருக்கலாம். கலியபெருமாள் ஐயா அப்பாவுக்குப் பழக்கம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பென்சன் பிரான்சிலிருந்து வருகிறது. அப்படிப்பட்டவர்களை எங்கள் பக்கம் 'சொல்தா' என்போம். உடனே அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். அவர் மில்லில் சொல்லிவிட்டு, ரோஜா மாலை ஒன்றை வாங்கிக்கொண்டு, மழையில் நனைந்தபடி போய்ச் சொல்தா வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்.

கதவைத் திறந்தவர் சொல்தா.

"யாருக்குய்யா மால?"

அப்பாவுக்குப் பொய் வராது. "உங்களுக்குத்தாங்க" என்றார்.

மறுநாள் காலை சொல்தா அலுவலகத்துக்கே வந்துவிட்டார். ஒரு கையில் செல்போன், ஒரு கையில் அந்த மாலை. பின்னாலேயே அப்பா. மழையில் வேலை நின்றுபோனதால் ஏகாம்பரம் அண்ணனும் அங்கேதான் இருந்தார்.

"வருசா வருசம் உயிரோட இருக்கேன்னு சான்றிதழ் வாங்கி பிரான்சுக்கு அனுப்பறவன் நான்" என்று மேனேஜரிடம் கத்தினார் சொல்தா. "அவ்ளோ தூரத்துல இருக்கற பிரான்ஸ்காரனே நம்பறான். வில்லியனூர்ல இருந்துக்கினு நீங்க நம்ப மாட்டீங்களா? இந்தச் சேதி அங்க போனா எம் பென்சன் இன்னா ஆவறது?"

"யார் போட்ட என்ட்ரி?" என்றார் மேனேஜர்.

"நான்தான் சார். ஏகாம்பரம் அண்ணன் சொன்னாரு."

ஏகாம்பரம் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "லைனு செத்துப் போச்சின்னு சொன்னேம்மா! ஆளு எதுக்கு சாவணும்?"

"நீங்க லைன்னு சொல்லவே இல்லண்ணா."

"நான் லைன்மேன். லைன வுட்டா வேற இன்னாத்த சொல்லப் போறேன்?"

மேனேஜர் என் கழுத்து அட்டையையே பார்த்தார். கேட்டால் கழற்றிக் கொடுத்துவிடலாம் என்று நான் நாடாவைப் பிடித்துக்கொண்டேன். அப்போது அப்பா மூட்டை தூக்கித் தழும்பேறிய கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"சார், ஒண்ணு சொல்லிக்கிறேன். எம் பொண்ணு அஞ்சு பேரையும் ஒரு மணி நேரத்துல முடிச்சிருக்கா. ஒரு எழுத்துப் பிழை கெடையாது. நீங்களே பாருங்க."

முதலில் சிரித்தது சொல்தாதான். "இந்த வேகம் எங்க பட்டாளத்துலயே கெடையாது சார். பொண்ண வேலைல வெச்சுக்குங்க. ஆனா நான் உயிரோட இருக்கேன்னு அவ கையாலயே எழுதிக் குடுக்கணும்." எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் சீல் போட்டார். அந்தக் கடிதத்தை வைத்துத்தான் அப்பா, கடைசியில் என் கையெழுத்துக்கு மதிப்பு வந்துவிட்டது என்று, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

மற்ற நால்வரையும் சாயங்காலத்துக்குள் நேரில் போய் உயிர்ப்பிக்கச் சொன்னார் மேனேஜர். ஏகாம்பரம் அண்ணன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வீடு வீடாகப் போய்க் கும்பிட்டேன். ராசாமணி மட்டும், "எனக்கு மட்டும் இன்னா அவசரம்?" என்று கேட்டுக் கோபித்துக்கொண்டார்.

அவர் வீட்டுக்கு எதிர் வீட்டில்தான் விஷயம் திரும்பியது. எங்கள் பதிவில் உயிரோடு இருந்த ஒரு பெரியவர் காலமாகிப் பல வருடம் ஆகியிருந்தது. இணைப்பைத் தன் பெயருக்கு மாற்றச் சொல்லி அவர் மகள் அலைந்து அலைந்து விட்டுவிட்டாளாம். "செத்தாத்தான் மாத்துவோம்னு சொன்னீங்க, செத்தப்புறமும் மாத்தல" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அன்று முதல் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு கேள்வி கேட்டேன்: லைன் இருக்கிறதா, ஆள் இருக்கிறாரா? ஒரு தெரு, இன்னொரு தெரு என்று பாகூர் முழுக்க முடித்தேன். எங்கள் அலுவலகத்திலேயே சுத்தமான பதிவு எங்கள் ஊருடையது என்று மேனேஜரே சொன்னபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. வேலை நிரந்தரமானது. இப்போது லைன் நிலைக்கும் ஆள் நிலைக்கும் திரையில் தனித்தனி இடம் இருக்கிறது. அது என்னால் வந்தது.

அம்மாவுக்கு இந்தப் பெருமையெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தம்பி கொஞ்சம் அசந்து தூங்கினால் போதும், அவன் போர்வையை உருவிவிட்டு இன்றைக்கும் ஒரே கத்தல்தான்:

"எழுந்துருடா! அசையாம கெடந்தீனா உங்க அக்கா என்ட்ரி போட்டுடுவா!"