ஹூஸ்டன் மாப்பிள்ளையும் என் வகுத்தல் கணக்கும்

வேலைக்குச் சேர்ந்த ஆறு மாதத்தில் ஒருவனுக்கு வருகிற அறிவு இருக்கிறதே, அது ரொம்ப ஆபத்தானது. எனக்கு அது தூத்துக்குடித் துறைமுகத்தில், ஒரு கப்பல் ஏஜென்சியில் வந்தது. தூரத்தை வேகத்தால் வகுத்தால் கப்பல் வந்து சேரும் நேரம் தெரிந்துவிடும். இந்த ஒரு வகுத்தலை வைத்துக்கொண்டு கடலையே குத்தகைக்கு எடுத்தவன் மாதிரி நடந்தேன் (காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான்).

அந்தச் சமயத்தில்தான் ஜெனிட்டா அக்காவுக்குக் கல்யாணம். மாதா கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. மாப்பிள்ளை கப்பல் இன்ஜினியர். அமெரிக்காவில் ஹூஸ்டனில் கப்பலை விட்டு இறங்கி, விமானத்தில் ஊருக்கு வரவேண்டும். "செவ்வாக்கெழம சாயந்தரம் ஆறு மணிக்கு ஏறுதேன்" என்று போனில் சொன்னார். எப்போது வந்து சேருவார் என்று கேட்க அக்கா வாயெடுத்தாள். நான் போனைப் பிடுங்கி வைத்துவிட்டேன்.

"அத எதுக்குக்கா அவர்ட்ட கேக்க? நான் என்னத்துக்கு இருக்கேன்?"

ஹூஸ்டனிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய பதினைந்தாயிரம் கிலோமீட்டர். விமானம் மணிக்குத் தொள்ளாயிரம் சொச்சம். வகுத்தேன். புதன் காலை சென்னை, சாயந்தரம் தூத்துக்குடி! கப்பல் நடுக்கடலில் டீ குடிக்க நிற்பதில்லை. விமானமும் நிற்காது என்று நினைத்துவிட்டேன். நடுவில் ஓர் ஊரில் இறங்கி அடுத்த விமானத்துக்குக் காத்துக் கிடக்கவேண்டும் என்பதோ, அங்கே சாயந்தரமாகும்போது இங்கே மறுநாள் விடியப்போகிறது என்பதோ என் மண்டையில் ஏறவே இல்லை.

புதன் சாயந்தரம் இரண்டு வேன், பேண்டு செட்டு, ரோஜா மாலை சகிதம் வாகைக்குளம் விமான நிலையத்துக்குப் போனோம். சென்னை விமானம் வந்தது. கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த மாமா, முதலில் வெளியே வந்த ஏதோ ஒரு கம்பெனி அதிகாரிக்கு மாலையைப் போட்டுவிட்டார். பேண்டுக்காரர்கள் ஊதித் தள்ளிவிட்டார்கள். அந்த மனுஷனும் எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டு, மாலையோடு காரில் ஏறிப் போய்விட்டார். எங்கள் மாப்பிள்ளை மட்டும் வரவில்லை. போன் போட்டால் அணைந்து கிடந்தது.

"பய அங்கனயே எவளையாவது பாத்துட்டாம்போல" என்று ஆரம்பித்தது வேறு யாருமில்லை, மாப்பிள்ளையின் சொந்த அத்தை. அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா என் சட்டையைப் பிடித்தாள். "ஏலே, அவுக வரலன்னா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஊருக்குள்ள நடப்பேன்? சொல்லுல!"

மறுபடியும் வகுத்துப் பார்த்தேன். சனியன், அதே விடைதான் வந்தது.

மறுநாள் மத்தியானம் வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. பெட்டியை இழுத்துக்கொண்டு மாப்பிள்ளை தனியாக இறங்கினார். அழுது வீங்கிய முகத்தோடு அக்கா, மூலையில் அம்மா, சுற்றிலும் சொந்தக்காரர்கள். மனுஷன் மிரண்டுபோனார்.

"யாருக்கு என்ன ஆச்சு? எப்போ எடுக்காவ?"

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். நான் பின்வாசல் வழியாக ஓடிவிட்டேன்.

குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. ஆனால் இன்றுவரை, அத்தான் கப்பலிலிருந்து வந்து வீட்டுப்படி ஏறும்போதெல்லாம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறார்:

"ஏளா, மச்சான் கணக்குக்கு நான் நேத்தே வந்தாச்சி. நேத்து எனக்கு வச்ச மீன்கொழம்ப எடுத்துட்டு வா!"